டூசானில் ஒரு காலி அறை

டூசான், அரிசோனா
ஜனவரி 10, 1989

அன்புள்ள ஓபலுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கும் மனநிலையில் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தேன். பெட்டியோடு வருவாய் என்று பார்த்தால், வீட்டுச் செருப்போடு வந்து, "அம்மாவுக்கு நெஞ்சு வலிக்குதுடி, நீ போ" என்றாய். பதினெட்டு வருஷம் ஒரே வார்டில் வேலை பார்த்தவர்கள் நாம். டிராவல் நர்ஸாகப் போகலாம், பதின்மூன்று வாரத்துக்கு ஒரு ஊர் பார்க்கலாம் என்று அந்த விளம்பரத்தை வெட்டிக்கொண்டு வந்ததே நீதான். இருவருக்கும் அரிசோனாவின் நர்ஸ் லைசென்ஸ் வந்து, நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் இரண்டு படுக்கையறையோடு வீடும் பிடித்துக் கொடுத்த பிறகு, நான் மட்டும் தனியாக ரேடியோவோடு பேசிக்கொண்டே ஓட்டி வந்தேன்.

இங்கே பகலில் ஸ்வெட்டர் வேண்டாம். தெருவோரமெல்லாம் ஆரஞ்சு மரங்கள். நேற்று முதல் நாள் வேலை. எல்லாம் தண்ணீர் பட்ட பாடு! வந்த அன்றே இவ்வளவு கெட்டிக்காரியா என்று எல்லோரும் மூக்கில் விரல் வைத்தார்கள்.

உன் வேலையும் அறையும் பிப்ரவரி கடைசி வரைதான் காத்திருக்கும், பிறகு வேறொருத்தியை அனுப்பிவிடுவோம் என்று ஏஜென்சியின் காரெட் சொல்லிவிட்டார். அம்மாவுக்குச் சரியானதும் கிளம்பி வா.

கோபம் பாதி குறைந்த,
வெர்லீன்

*

ஹார்லன் ஃபோர்க், மேற்கு வர்ஜீனியா
ஜனவரி 21, 1989

அன்பு வெர்லீன்,

உன் கடிதத்தை வார்டில் ஆளுக்கு ஒரு முறை வாசித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஆரஞ்சு மரம் என்ற இடத்தில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். இங்கே பனி முழங்கால் வரை கிடக்கிறது. உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு ஊசி குத்த நரம்பே அகப்படுவதில்லை. டாக்டர் பாயர் இன்னமும் "வெர்லீன் எங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.

அம்மாவுக்கு அப்படியேதான் இருக்கிறது. ஒரு நாள் தேவலை, ஒரு நாள் இல்லை.

நீ எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாய். எனக்கு இந்த வார்டில் விளக்கு அணைந்தாலும் எந்த இழுப்பறையில் என்ன இருக்கிறதென்று தெரியும். அங்கே வந்தால் பஞ்சு எங்கே என்றுகூட யாராவது சின்னப் பெண்ணிடம் கேட்க வேண்டும், இல்லையா? அதுவும் நாற்பத்திரண்டு வயதில். அது கிடக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் ஓபல்

*

டூசான்
பிப்ரவரி 1, 1989

அன்புள்ள ஓபல்,

பஞ்சுக்காகவா இவ்வளவு யோசனை? எனக்கு இரண்டாம் நாளே எல்லாம் அத்துப்படி ஆகிவிட்டது. யாரிடமும் எதையும் கேட்டதில்லை. டாக்டர்கள் என்னைத் தேடித்தான் வருகிறார்கள். கேன்டீனில் உட்கார்ந்தால் என்னைச் சுற்றி ஒரு கூட்டமே கூடிவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீச்சல் குளத்தங்கரையில் படுத்துக்கொண்டு உன்னை நினைத்துச் சிரித்தேன், அங்கே நீ பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருப்பாய் என்று.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள உன் தம்பி பக்கத்து வீட்டில்தானே இருக்கிறான்? அவனிடம் சொல்லிவிட்டு வாடி. இந்த வேலை நமக்கு ஒன்றுமே இல்லை.

வெர்லீன்

*

ஹார்லன் ஃபோர்க்
பிப்ரவரி 9, 1989

வெர்லீன்,

கடிதம் கிடைத்தது. நீ அங்கே ஓஹோவென்று இருப்பதில் மகிழ்ச்சி.

நான் வரவில்லை. அம்மாவை விட்டு வர முடியாது. கடைசித் தேதி வரை அறையைக் காலியாகப் போட்டு வைக்காதே. உன்னைப் போலவே கெட்டிக்காரியாக ஒருத்தியை அனுப்பச் சொல்லி காரெட்டிடம் சொல்லிவிடு.

ஓபல்

*

டூசான்
பிப்ரவரி 15, 1989

என் ஓபலுக்கு,

உன் கடிதத்தின் முடிவில் 'உன்' என்பதுகூட இல்லை. வெறும் ஓபல். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை நான் பீற்றிக்கொண்டதில் ஆரஞ்சு மரம் மட்டும்தான் நிஜம்.

முதல் நாள், இடுப்பு ஆபரேஷன் முடிந்த ஹாஸ்கெல் என்ற பெரியவருக்குப் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது. நம் ஊரில் கட்டில் தலைமாட்டில் இருக்கும் நீலப் பட்டனை அழுத்தினால் என்ன வரும்? துணிக்காரப் பெண் புது விரிப்போடு வருவாள். அதே நினைப்பில் அழுத்தினேன். இங்கே அது இதயம் நின்றுபோனவருக்காக அடிக்கும் அபாய மணியாம்! கட்டிடம் முழுக்க ஒலிபெருக்கியில் அறிவிப்பு. நாலா பக்கமிருந்தும் ஓடி வருகிறார்கள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர். ஒரு சின்ன டாக்டர் நெஞ்சை அழுத்துவதற்காகக் கட்டிலில் ஒரு முழங்காலை வைத்தே விட்டார். ஹாஸ்கெல் கையில் ஜெல்லிக் கிண்ணம்.

"அய்யோ, இறங்குங்க தம்பி, எனக்கு இடுப்புதான் போச்சு, உயிர் இருக்கு!" என்று அவர் கத்துகிறார்.

"அப்புறம் எதுக்கு மணி அடிச்சீங்க?"

"நான் அடிக்கல. இந்தம்மா பெட்ஷீட் கேட்டாங்க."

வாசலில் ரமோனா வந்து நின்றாள். ஷிப்டுக்குப் பொறுப்பான நர்ஸ். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ எந்த ஊரு?"

"மேற்கு வர்ஜீனியா."

"அங்க நீல பட்டன அமுக்கினா பெட்ஷீட் வருமா?"

"வரும்."

"எங்களுக்கும் அப்படி ஒரு ஊரு கிடைச்சா நல்லாருக்கும்" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பெட்டியைக் கட்டிவிடலாம் என்றிருந்தது.

ரமோனா பின்னாலேயே வந்துவிட்டாள். "வர்ற டிராவல் நர்ஸ் எல்லாரும் ஏதாவது ஒண்ணு பண்ணத்தான் செய்வாங்க. நீ முதல் நாளே முடிச்சுட்ட. வா, எது எதுக்குன்னு காட்டுறேன்" என்று ஒவ்வொரு பட்டனாகக் காட்டினாள்.

கேன்டீன் கூட்டமும் பொய். ஒரு மாதமாகக் காரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். எந்த வார்டில் ஆள் குறைந்தாலும் டிராவல் நர்ஸைத்தான் முதலில் அனுப்புகிறார்கள். தினமும் புது இடம், புது முகங்கள், எனக்கு எதுவும் தெரியாது. இப்போதெல்லாம் உள்ளே நுழைந்ததும், "எனக்கு ஒண்ணும் தெரியாது, காட்டுங்க" என்று சொல்லிவிடுகிறேன். காட்டுகிறார்கள். நேற்று ஒரு சின்னப் பெண்ணிடம்தான் பஞ்சு எங்கே என்று கேட்டேன். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

நான் ஜம்மென்று இருக்கிறேன் என்று எழுதினால் பொறாமையிலாவது கிளம்பி வருவாய் என்று நினைத்தேன். உனக்கு அதில் எவ்வளவு வலித்திருக்கும் என்று யோசிக்கவில்லை. மன்னித்துவிடு. நீ வராவிட்டாலும் பரவாயில்லை, பழையபடி எழுது.

உன் வெர்லீன்

*

ஹார்லன் ஃபோர்க்
பிப்ரவரி 22, 1989

என் வெர்லீனுக்கு,

பெட்ஷீட்டா கேட்டாய், பாவி! சமையலறையில் நின்று வாசித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். என்ன சத்தம் என்று அம்மா மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். ஆமாம், தடதடவென்றுதான். கடிதத்தைப் பிடுங்கி வாசித்தாள். அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "என் நெஞ்ச வச்சு இன்னும் எத்தன நாள்டி ஓட்டப் போற?" என்று கேட்டாள்.

வெர்லீன், அம்மாவுக்கு வலியே கிடையாது. அன்று வாசலில் நீ ஹாரன் அடித்தபோது என் பெட்டி கதவுக்குப் பின்னால் கட்டித் தயாராகத்தான் இருந்தது. எல்லோர் முன்னாலும் ஒன்றும் தெரியாதவளாக நிற்க வேண்டுமே என்று பயந்து செத்தேன். நீ எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்து, இவளால் முடிகிறது, என்னால்தான் முடியவில்லை என்று இன்னும் சுருங்கிப் போனேன். உனக்கே மணி அடிக்கிறது என்றால் எனக்கும் அடித்துவிட்டுப் போகட்டுமே.

நேற்று வேலையை விட நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். டாக்டர் பாயர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். காரெட்டிடமும் போனில் சரியென்று சொல்லியாகிவிட்டது; மார்ச் நடுவில் வந்தால் போதும் என்றார். உன் பதின்மூன்று வாரம் ஏப்ரலில் முடிகிறது என்று என்னைத் தனியாக விட்டுவிட்டு எங்கேயும் போய்விடாதே. இன்னொரு தவணைக்குக் கையெழுத்துப் போடு.

மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ் டூசான் வந்து சேரும். பயம் அப்படியேதான் இருக்கிறது. நீ பஸ் நிலையத்துக்கு வந்து நில். எல்லோரும் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்தே இருந்தால், உள்ளே ஏறி வந்து என் கையைப் பிடித்து இழு.

உன் ஓபல்