தொட்டியில் விட்ட ஆமைக்குஞ்சு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவர் முழங்கால் மட்டும் மழை வந்தால் முனகுகிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எனக்கு அதுவே போதும். வேலையை விட்டுவிடவா என்று கேட்டிருந்தாயே, அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவரைத்தான் தெரியுமே, காலமெல்லாம் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த ஆள், இறங்கிவிட்டால் எல்லாம் பழகிவிடும், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை, அதனால்தான் பதில் தாமதம்.

அதற்குள் இங்கே ஒரு கூத்து. சனிக்கிழமை பின்பக்கம் துணி காயப்போடப் போனேன், வேலியோரம் ஒரு ஆமைக்குஞ்சு, எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கிக் கவிழ்த்த அளவுதான், ஓட்டில் ஈரமண்கூடக் காயவில்லை. அப்பாவைக் கூப்பிட்டதுதான் நான் செய்த தப்பு. ஆமை என்றால் தண்ணீர்தானே என்று, துணி அலசும் தொட்டி நிறையப் பிடித்து அதில் விட்டுவிட்டார். அது நாலு காலையும் அடித்துக்கொண்டு மூக்கை மட்டும் மேலே நீட்டுகிறது, இவரோ இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு முதல் நாள் எல்லாரும் இப்படித்தான் என்கிறார். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. தெருமுனையில் நாய் பூனைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன் செய்து, விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, குட்டி யானைக்கு இருப்பதுபோலக் கட்டைக் கால்கள், ஓடும் குவிந்து இருந்தது. அது தரையில் வாழும் ஆமை, நீந்தாது, முதலில் வெளியே எடுங்கள் என்றார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மூக்கும் முழுகிவிட்டது. அப்பா பாய்ந்து அள்ளினார், தலை தொங்கிவிட்டது. டாக்டரம்மா சொல்லச் சொல்லத் தலையைக் கீழாகச் சாய்த்துப் பிடித்தார், வாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. அத்தனை பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிய ஆள், இப்படிப் பிடித்தால் சரிதானா என்று போனைப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து ஒரு பின்னங்கால் அசைந்தது, அப்புறம் கழுத்தை நீட்டியது. அப்பா அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது அதற்கா எங்களுக்கா தெரியவில்லை.

டாக்டரம்மா சாயங்காலம் நேரில் வந்து பார்த்து, நன்றாக இருக்கிறது, வளர்க்க ஆசைப்படாமல் எடுத்த இடத்திலேயே விடுங்கள் என்றார். மறுநாள் வேலியோரப் புதரடியில் விட்டோம், சருகுக்குள் நடந்து போய்விட்டது. அப்பா வந்ததும் முதல் வேலையாக அந்தத் தொட்டித் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தார். ராத்திரி சாப்பாட்டில் பாதியில் கையை நிறுத்தி, உனக்குப் பதில் எழுதிவிட்டேனா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"நான் அன்னிக்குச் சொன்னத எழுதாத. முடியலேன்னா வெளிய வந்துடச் சொல்லு. வீட்டுல நாம இருக்கோம்ல."

அவர் சொன்னது இவ்வளவுதான், நான் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை. இனி நீயே யோசித்து முடிவெடு, எதுவானாலும் நாங்கள் உன் பக்கம். மனநிம்மதியோடு நீ நன்றாக இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் கட்டாயம் போன் செய். ஆமையைப் பற்றி மட்டும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அவரே சொல்லட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா