பி-பிளாட்டில் ஒரு கெட்டிமேளம்

மே 12, 2024
ஹமாரில் கச்சேரி முடித்து ஒஸ்லோவுக்கு ரயிலில் திரும்பினேன். ஏரி கூடவே ஓடி வந்தது. பாதித் தூக்கத்தில், என் கிளாரினெட் தண்ணீருக்கு மேலே தனியாக ஊதிக்கொண்டு போவதாக ஒரு நினைப்பு. பள்ளிக்கூட பாண்டில் தொடங்கியவள், பத்து வருடமாக டிக்ஸிலாண்ட் என்கிற பழைய பாணி ஜாஸ் குழு ஒன்றுக்குத் தலைவி. இந்தப் பக்கத்தில் நாங்கள் ஊதாத ஊரில்லை. அப்பா மட்டும் ஒருநாளும் கேட்க வந்ததில்லை.

மே 19
தம்பி தக்சனின் கல்யாணத்துக்கு லண்டன் நாதஸ்வரக்காரர் வரமாட்டார்களாம். நாங்கள் ஊதட்டுமா என்று கேட்டேன்.

"பின்னேரம் பார்ட்டியிலை என்னவும் ஊது. மணவறைக்கு முன்னாலை ஊதுறது எங்கடை ஆக்களின்ரை வேலையில்லை," என்றார் அப்பா.

எங்கடை ஆக்கள். முப்பது வருடம் ஒஸ்லோவில் பஸ் ஓட்டி, எல்லாச் சாதியையும் ஏற்றி இறக்கின மனுசன் - சரி, விடு. அழுகை வருகிறது.

மே 20
கெட்டிமேளம் அப்பாவின் போனிலிருந்து வருமாம். நல்லது.

ஜூன் 9
கல்யாணம். ஐயர் கையை உயர்த்தினார். அப்பா போனை அழுத்த, ஸ்பீக்கரில் மேளம் எழுந்தது. உடனே நின்றது. கனடாவில் நேரலை பார்த்துக்கொண்டிருந்த சற்குணம் மாமா, படம் தெரியவில்லை என்று சொல்ல அப்பாவின் போனுக்கே கோல் எடுத்துவிட்டார். மண்டபம் முழுக்க ரிங்டோன். மணப்பெண்ணின் கழுத்தருகே தாலியோடு தக்சன் அப்படியே நிற்கிறான். ஒரு தும்மல்கூடக் காதில் விழக்கூடாத நேரம். அப்பா நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார்.

பார்ட்டிக்கென்று மூலையில் வாத்தியங்களோடு இருந்த என் ஐந்து நோர்வேக்காரருக்கும் விரலை உயர்த்தினேன். என்ன பாட்டு? பாட்டே இல்லை. கடைசிச் சுற்றில் எல்லோரும் அவரவர் வழியில் ஒரேயடியாக ஊதுவோமே, அதுதான். பி-பிளாட்டில். பூவும் அரிசியும் என் கண்ணுக்கு மெல்ல மெல்ல, பனி மாதிரி விழுந்தன. எவ்வளவு நேரம் ஊதினேன்? தெரியாது. தாலி ஏறிவிட்டது.

ஜூன் 10
விடியவே அப்பா வாடகைச் சாமான்களைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார். நேற்று ஊதியது எப்படி என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 23
ஒஸ்லோவிலேயே, வெஸ்ட்லியில் பூங்காக் கச்சேரி. நல்ல வெயில். இடைவேளையில் தண்ணீர் எடுக்கப் போனால், கடைசி வாங்கில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அவர் என்னைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த நோர்வே அம்மா அவரை யாரென்று விசாரித்துக்கொண்டிருந்தார். அப்பா தன் உடைந்த நோர்வேஜியனில், பஸ்ஸில் தரிப்பிடம் சொல்வது போல உரக்கச் சொன்னார்: "கிளாரினெட் ஊதுகிறாளே, அவளுடைய தகப்பன்."