மீனுக்கு அடியில கிஜாங்

மாமா மாமா, கிஜாங் வந்துடுச்சு மாமா, நம்ம காட்டுல, குட்டியோட, என் கேமராவுலயே மாட்டிக்கிச்சு!

பாருங்க, நீங்க எங்கள விட்டுப் போயி ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் மொதல்ல உங்ககிட்டதான் சொல்லத் தோணுது. என் பேஜ்ல இத படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: கிஜாங்னா நாய் மாதிரி குரைக்கிற சின்ன மான். மாமான்னா என் அக்காவோட புருஷன். வேட்டைக்காரர்.

மரத்துல கட்டி வைக்கிற கேமரா அது. செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, யூடியூப் பாத்து நானே செட் பண்ணேன். பத்து நாளைக்கு முன்னாடி கழட்டிட்டு வந்து உங்க பச்சை ஐஸ் பெட்டியிலதான் வச்சேன், அக்கா அத எனக்குக் குடுத்துட்டா. எத்தனை தடவை சோப்பு போட்டு கழுவியாச்சு. மூடிய திறந்தா இன்னும் மீன் வாடைதான் வருது. அந்த வாடை மூக்குல ஏறுனதும் வீடியோ பாத்த சந்தோஷம் அப்படியே இறங்கிடுச்சு.

ஏன்னா அந்த மீன் எதுக்குன்னு எனக்குத் தெரியும்.

பன்னி கிடைச்ச அன்னிக்கு நீங்க ராஜா மாதிரி இருப்பீங்க. பன்னி சுடத்தான் உங்க செட்டுக்கு லைசென்ஸ் இருக்கே. யாரும் கேக்காமலே எடுத்துக் காட்டுவீங்க. கிஜாங் சுடத் தடை. அது விழுந்த அன்னிக்கு மட்டும் பட்டர்வொர்த் பசார் மீன் கடையில வண்டி நிக்கும். கெம்போங் மீன் வாங்கி கறிக்கு மேல பரப்பி, அதுக்கு மேல ஐஸ் கொட்டி, பெட்டிய மோட்டார் சைக்கிள்ல கட்டிக்கிட்டு தீவுக்குப் போற பெரி கப்பல்ல ஏறுவோம்.

அன்னிக்கு பெரியில ஒரு அக்கா வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? காய்கறிப் பையோட.

"மீனா தம்பி? ப்ரெஷ்ஷா?"

"பழசுக்கா. நாத்தம்"ன்னீங்க.

"எங்க, காட்டு பாப்போம்."

அவங்க பாட்டுக்கு மூடிய தூக்கிட்டாங்க. "இதயா நாத்தம்ங்கிற? கண்ணு பளபளன்னு இருக்கு! ரெண்டு குடு தம்பி, காசு தர்றேன்."

வீட்டுக்கு யாரு வந்தாலும் வெறுங்கையோட அனுப்பாத ஆளு நீங்க. அன்னிக்கு பெட்டி மேல குப்புறப் படுக்காத குறை. "பொண்டாட்டி எண்ணி வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காக்கா, கொறஞ்சா அடிப்பா"ன்னீங்க. பின்னாடி நின்ன நான் சிரிப்ப அடக்க முடியாம கடல பாத்துக்கிட்டே வந்தேன். ஆனா பெரி நிக்கிற வரைக்கும் நீங்க மூடியில இருந்து கைய எடுக்கவே இல்ல மாமா.

இறங்குனதும் கேட்டேன். "தப்பு இல்ல தப்பு இல்லன்னு சொல்றீங்களே, அப்புறம் எதுக்கு மாமா மீனு?"

"சட்டத்துக்கு பயம்டா மச்சான். தப்பு பண்ணிட்டோம்னு பயம் இல்ல. ரெண்டும் வேற."

இன்னி வரைக்கும் அந்த பதில்ல இருந்து நான் வெளிய வரல. ஆன்லைன்ல எல்லாருக்கும் இது ஈஸியா இருக்கு. திருட்டு வேட்டைன்னா குற்றம், குற்றம்னா கெட்டவன், முடிஞ்சது. அப்படின்னா நீங்க யாரு?

உங்களுக்கு குற்றமே தெரியாதுன்னு என்னால சொல்ல முடியாது. கம்பிக் கண்ணி கட்டுறவனுங்கள பாத்தா உங்களுக்கு ரத்தம் கொதிக்கும். "கம்பிய கட்டிட்டு வீட்டுல போயி தூங்குறவன் திருடன்டா. கால் அழுகி நாள் கணக்கா சாவும்டா அது"ன்னு சொல்லிக்கிட்டே அறுத்து எறிவீங்க. எஸ்டேட் ஓரத்துல முனியய்யா கோயில்ல சுருட்டு வச்சு, எலுமிச்சை நசுக்கி, உத்தரவு கேக்காம உள்ள ஒரு அடி வைக்க மாட்டீங்க. "முனியய்யா சரின்னுட்டாரு"ன்னா அதுதான் உங்க பெரிய லைசென்ஸ்.

அந்த பொட்டைக் கிஜாங்? தோல உரிக்கும்போது மடியில பால் வடிஞ்சதே. நீங்க கத்திய கீழ வச்சிட்டு, குட்டிய தேடிக்கிட்டு புதர் புதரா போனீங்க. கிடைக்கல. கறிய யாரும் பங்கு போடல, அங்கேயே குழி தோண்டி புதைச்சீங்க. முனியய்யாகிட்ட தேங்கா உடைச்சு, காத புடிச்சு தோப்புக்கரணம் போட்டீங்க. அவ்ளோ பெரிய உடம்ப வச்சுக்கிட்டு. அப்போ மனசு கேக்கலதானே? அதுக்கப்புறம் ரொம்ப நாள் வேட்டைக்குப் போகல. அப்புறம் மறுபடியும் காட்டுக்குப் போனீங்க.

போன வாரம் டத்தோ கிராமாட்ல இருக்கிற அக்கா வீட்டுல உங்க திதி. செல்வண்ணே வந்திருந்தாரு, உங்க செட்டுல துப்பாக்கி அவரோடதுதானே. உங்க பாடையில முன்னாடி தோள் குடுத்தவரும் அவருதான். சாப்பாடு முடிஞ்சதும் அக்கா பெருமையா, "என் தம்பி எடுத்த வீடியோ பாருங்க"ன்னு என் போன புடுங்கி எல்லாருக்கும் காட்டிட்டா.

"ஏய், இது நம்ம பழைய இடம்தானே?" செல்வண்ணே கண்ணு அப்படி.

"அண்ணே, குட்டி இருக்குண்ணே."

ஸ்கிரீன பெருசாக்கி பாத்தாரு. "ஆமாலா, பால் குடிக்கிற குட்டி. சரி சரி, இப்போ தொட மாட்டோம். குட்டி பிரியட்டும்."

மரத்துல பலாக்கா பழுக்கட்டும்ங்கிற மாதிரி சொன்னாரு மாமா. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாம.

"பிரிஞ்சாலும் சுடக்கூடாதுண்ணே. வெடிச் சத்தம் கேட்டா வனவிலங்கு ஆபீஸுக்கு போன் பண்ணிடுவேன். விளையாட்டுக்கு சொல்லல."

எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சிட்டு கேட்டாரு, "உன் மாமா இருந்தா அவரயும் புடிச்சுக் குடுத்திருப்பியா?"

அக்கா பாயசம் ஊத்திக்கிட்டு இருந்தா. கரண்டி அப்படியே நின்னுச்சு. உங்க போட்டோவ பாத்தேன், மாலை போட்டுக்கிட்டு நீங்களும் சிரிக்கிறீங்க.

டயர்டா இருக்கு மாமா. வில்லன் மாதிரி எவனாவது இருந்தா திட்டிட்டுப் போயிடலாம். பேஜ்ல "எல்லாரையும் ஜெயில்ல போடு"ன்னு கமெண்ட் போடுறாங்க. என் ஆளுங்கதான், எனக்கு சப்போர்ட் பண்றாங்க. லைக் போட கை போக மாட்டேங்குது.

அன்னிக்கு சொல்லாத பதில இப்போ சொல்றேன். குடுத்திருப்பேன் மாமா. போன் பண்ணியிருப்பேன். அப்புறம் ஜாமீன் எடுக்க மொத ஆளா நானே அழுதுகிட்டு ஓடி வந்திருப்பேன். இந்த ரெண்டையும் ஒண்ணா தூக்கிக்கிட்டுதான் நடக்குறேன். எதையும் இறக்கி வைக்கத் தெரியல.

சரி, படிக்கிறவங்களுக்கு. குட்டி பிரியறதுக்கு ரொம்ப நாள் இல்ல. ஞாயிறு காலையில புக்கிட் மெர்தாஜாம் ரயில் ஸ்டேஷன் வாசல்ல நிப்பேன். எந்தக் காடுன்னு கமெண்ட்ல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். வந்தா கூட்டிட்டுப் போறேன். வேட்டைக்காரங்க நடக்குற பாதையில நாம சும்மா பேசிக்கிட்டு, சிரிச்சிக்கிட்டு நடக்கணும், அவ்ளோதான். ஆள் சத்தம் இருந்தா வெடி வைக்க மாட்டாங்க. வாரா வாரம் ஆள் வேணும். என்ன மாதிரி வேட்டைக்கார வீட்டுல வளந்தவங்க கண்டிப்பா வாங்க. யாரையும் கெட்டவன்னு சொல்ல வேண்டியதில்ல. ஷேர் பண்ணுங்க.

செல்வண்ணேக்கும் மெசேஜ் போட்டேன், "நீங்களும் வாங்கண்ணே, பாதை உங்களுக்குத்தான் தெரியும்"னு. ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு. ஒண்ணும் எழுதல.

நீங்களாவது பதில் போடுங்க.