ஒரு போன், இரண்டு பேட்டரி

மார்ச் 4, செவ்வாய்

முப்பத்தொரு சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் பேச்சின் நடுவே செத்தது. தையல் கம்பெனி மேலாளர் பொத்தானின் நிறத்தைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. சார்ஜரில் மாட்டி, உயிர் வந்து, நான் திரும்பக் கூப்பிடுவதற்குள் வேறு கடையில் ஆர்டர் சொல்லிவிட்டார். "உங்க போனை நம்பி இருபது தையல்காரங்களைச் சும்மா உட்கார வைக்க முடியுமாண்ணே?" நியாயம்தான்.

ஏழு வருடத்துப் போன். கல்லாவுக்குப் பின்னால் உள்ள பிளக்கில் மாட்டி, வயர் எட்டுகிற தூரத்துக்குள்தான் பேசுகிறேன், முளையில் கட்டிய ஆடு மாதிரி. மகள் சிரிக்கிறாள்: "அது செல்போன் இல்லப்பா, லேண்ட்லைன்."

மார்ச் 5, புதன்

புதுப் போன் விசாரித்தேன். விற்கிறவன் கேமராவை விட்டு இறங்கமாட்டேன் என்கிறான். ஜிப்பும் பொத்தானும் எலாஸ்டிக்கும் மொத்தமாக விற்கிற எனக்கு நிலாவைப் படம் பிடித்து என்ன ஆகப்போகிறது? பொத்தான் தெறித்தால் பொத்தானை மாற்று, சட்டையைத் தூக்கிப் போடாதே. இதைச் சொல்லியே இருபத்திரண்டு வருடம் பிழைத்தவன் நான். பேட்டரியை மட்டும் மாற்றுவதாக முடிவு.

மார்ச் 7, வெள்ளி

ரிப்பேர் கடைக்காரர் பின்மூடியைத் திறந்தார். "அண்ணே, இது பேட்டரி இல்ல, தலையணை." அப்படி உப்பியிருக்கிறது. விடிய விடியச் சார்ஜில் போட்டது, கையில் கிடைத்த சார்ஜரையெல்லாம் மாட்டியது, வெயிலில் வண்டிக்குள் வைத்தது என்று என் குற்றங்களை அடுக்கினார். இருபதுக்குக் கீழே இறங்க விடக்கூடாதாம், எண்பதில் கழற்றிவிட வேண்டுமாம். பட்டினி கிடக்காதே, வயிறு முட்டவும் தின்னாதே என்று டாக்டர் எனக்குச் சொன்னதும் இதேதான். இரண்டு பேர் சொன்னதையும் கேட்கவில்லை.

இந்த மாடலுக்கு நல்ல பேட்டரி வருவது நின்றுவிட்டது. போலியைப் போட அவருக்கு மனமில்லை. "ஒரு வாரம் தாங்கும். வேண்டியதை எடுத்துக்கிட்டு கொண்டாந்து குடுத்துடுங்க. சார்ஜ் போட்டா பக்கத்துலயே நில்லுங்க."

வேண்டியது எது? உள்ளே பதினோராயிரம் அழைப்புப் பதிவுகள். எல்லாப் பேச்சும் தானாகப் பதிகிற மாதிரி வைத்திருக்கிறேன். ஆர்டர் கொடுத்தவன் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று நாளைக்கு நாக்கைப் புரட்டினால் போட்டுக் காட்டுவேன். சந்தையில் என்னிடம் பேசும்போது எல்லாரும் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள்.

"இது போனா, போலீஸ் ஸ்டேஷனா?" என்றார் ரிப்பேர்காரர். மொத்தத்தையும் மாற்றி முடிக்கும்வரை பேட்டரி தாங்காதாம். வேண்டியதை மட்டும் கேட்டுப் பொறுக்கி எடுக்கச் சொன்னார்.

மார்ச் 9, ஞாயிறு

பொறுக்க உட்கார்ந்தேன். பழைய பதிவுகளில் பாதி மச்சினன் குரல். மனைவியின் தம்பி. பதினேழு வருடம் கூட்டாளி. இப்போது ஐந்து வருடமாகப் பேச்சில்லை.

கடையே இல்லாத காலம் நினைவுக்கு வந்தது. ஆளுக்கொரு சாம்பிள் பை. இருவருக்கும் சேர்த்து ஒரு போன், இரண்டு பேட்டரி. போன் என்னிடம் இருக்கும். ஒரு பேட்டரி அதில் ஓட, இன்னொன்று முடிதிருத்தும் கடையின் பிளக்கில், கிளிப் சார்ஜரின் வாயில் கடிபட்டுக் கிடக்கும். சிவப்பு விளக்கு பச்சையானதும் மச்சினன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதிப்பான். பகல் ஒரு மணிக்கு பஸ் நிறுத்தத்தில் கைமாற்றம். என் உள்ளங்கையில் வைக்கும்போது பேட்டரி வெதுவெதுவென்று இருக்கும். "சூடு ஆறுறதுக்குள்ள ரெண்டு ஆர்டராவது பிடிங்க மாமா" என்பான். பிடித்திருக்கிறேன்.

ஒரு மழைநாளில் பேட்டரியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பல்லால் கவ்விக்கொண்டு வந்தான். என்ன ஆச்சு என்று கேட்டால் பதில் சொல்ல வாய் இல்லை, தலையை மட்டும் ஆட்டினான். ஆள் தொப்பலாக நனைந்திருந்தான், பேட்டரி நனையவில்லை.

இப்போதெல்லாம் பேட்டரி போனோடு ஒட்டிப் பிறக்கிறது. யாருக்காகவும் யாரும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

மார்ச் 10, திங்கள்

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி, போனில் தம்பி சிரிப்பது கேட்டு எழுந்து வந்தாள். "இன்னொரு தடவை போடுங்க." போட்டேன். மூன்றாம் தடவை கேட்கவில்லை. வெங்காயத்திடமே போய்விட்டாள். அவன் இந்த வீட்டு வாசலை மிதித்தும் ஐந்து வருடம்.

மார்ச் 12, புதன்

அந்த நாளின் பதிவு கிடைத்துவிட்டது.

பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனிக்குக் கால்சட்டை ஜிப், பன்னிரண்டாயிரம். அவர்கள் எடுப்பது ஆறு இன்ச். வந்து இறங்கியதோ எட்டு. சரக்கைத் திருப்பிவிட்டு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். கடையில் நாலு பேர் முன்னால் மச்சினனைக் கேட்டேன்: "உன் இஷ்டத்துக்கு எழுதி அனுப்பிட்டியா?"

"நீங்க சொன்னதுதான் மாமா. ரெக்கார்டு இருக்குமே, போட்டுப் பாருங்க."

"எனக்கு என் வாய் மேல நம்பிக்கை இருக்கு."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவன்தான்.

பதிவில் என் குரல் கண்ணாடி மாதிரி கேட்கிறது. "எட்டு இன்ச், பன்னண்டாயிரம்." அவன்: "கால்சட்டைக்கு ஆறுதானே மாமா?" நான்: "சொன்னதைப் போடுடா. சார்ஜ் நாலுதான் இருக்கு, வை."

அன்று காலையில் பாவாடைக் கம்பெனி எட்டு இன்ச் கேட்டிருந்தது. அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

இன்னொரு தடவை கேட்டேன். எட்டுதான்.

மார்ச் 14, வெள்ளி

வாரம் முடிந்தது. ரிப்பேர்காரர் ஞாபகப்படுத்தினார். நாளை என்றேன்.

ஊருக்கெல்லாம் ரெக்கார்டு போட்டுக் காட்டினவன் நான் — அன்று இதை மட்டும் ஏன் போட்டுப் பார்க்கவில்லை? தெரியாதா எனக்கு? உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. அதனால்தான் போடவில்லை.

இப்போதும் வியாபாரி மூளை வேலை செய்கிறது. பேட்டரி தானாகச் செத்தால் பதிவும் அதோடு போகும். நான் அழித்ததாக ஆகாது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

வெங்காயம் உரிக்கிறவளிடம் என்ன சொல்வது?

மார்ச் 15, சனி

நாற்பது சதவீதத்தோடு கிளம்பினேன். மூன்று தெரு தள்ளி மச்சினனின் குடைக் கடை. இத்தனை நாளும் சுற்றுவழியாகப் போவேனே தவிர, அதைத் தாண்டிப் போனதில்லை.

"வாங்க" என்றான். 'மாமா' இல்லை.

பதிவைப் போட்டேன். என்னுடைய "ஹலோ" கேட்டது. அவனுடைய "சொல்லுங்க மாமா" கேட்டது. திரை கறுத்துவிட்டது. பதினெட்டு காட்டிக்கொண்டிருந்தது, படுபாவி.

அவன் பழக்கதோஷத்தில் இழுப்பறையைத் திறந்து சார்ஜர் வயரை எடுத்துவிட்டான். நீட்டவும் செய்தான். போட்டால் ஐந்து நிமிடத்தில் எழுந்திருக்கும், அதுவே பேசிக்கொள்ளும். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

"வேண்டாம்டா. எட்டுன்னு நான்தான் சொன்னேன். நீ ஆறான்னு கேட்ட. சொன்னதைப் போடுன்னு அதட்டிட்டு வச்சேன்."

வயரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். "அது எனக்கு அன்னைக்கே தெரியும். உங்களுக்குத் தெரிய ஒரு பேட்டரி சாக வேண்டியிருந்திருக்கு."

அப்போது பார்த்து ஓர் அம்மாள் குடை கேட்டு வந்தார். அவன் ஒரு கறுப்புக் குடையை எங்களுக்கு நடுவில் விரித்துக் காட்டினான். விலை சொல்லி முடிக்கும்வரை அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் விரித்து வைத்திருந்தான் என்று நினைக்கிறேன்.

குடையை மடக்கியதும் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினான். "உட்காருங்க மாமா. டீ சொல்றேன்."

மார்ச் 17, திங்கள்

போனை ரிப்பேர்காரரிடம் கொடுத்தேன். உள்ளிருந்து எதையும் எடுக்கவில்லை. புதுசு வாங்கியாயிற்று. நடுத்தர விலை, பெரிய பேட்டரி, கேமரா ஏதோ இருக்கிறது. "பேச்சைப் பதிவு பண்ண வைக்கவாப்பா?" என்றாள் மகள். வேண்டாம் என்றேன். இனி ஆர்டரை எழுத்தில் அனுப்பச் சொல்லலாம். வாயால் சொன்னால் திரும்ப ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம்.

மார்ச் 30, ஞாயிறு

மச்சினன் சாப்பிட வந்திருந்தான். வந்ததும் வராததுமாக, "அக்கா, சார்ஜ் ரெண்டுதான் இருக்கு" என்றான். கூடத்தில் நல்ல பிளக் ஒன்றுதான். அதில் என் புதுப் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது, நாற்பத்திரண்டு. மனைவி என்னைக் கேட்கக்கூட இல்லை. அதைப் பிடுங்கி என் மடியில் போட்டுவிட்டு, தம்பியுடையதை மாட்டினாள்.

போன் வெதுவெதுவென்று இருந்தது. சூடு ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.