வாலின் நிறம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நேற்று பாலக்கரை பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்மணியிடம் திட்டு வாங்கினேன். அவருடைய கைப்பையில் பாம்புத்தோல் அச்சு. என்னையறியாமல் குனிந்து அதிலிருந்த திட்டுகளை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

"யோவ், பெரிய மனுஷன்தானே நீ? அங்க என்ன பார்வை?"

"பாக்கலம்மா, எண்ணிக்கிட்டு இருக்கேன். பதினாலு ஆச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிநேகிதா, நீ இருந்திருந்தால், "கழுத்துலேருந்து ஆரம்பிச்சியாடா?" என்று கேட்டிருப்பாய்.

உன் மனைவி இறந்துபோன அடுத்த வருடம், மலைப்பாம்பு மாதிரி விஷமில்லாத அந்தப் போவாப் பாம்பை வாங்கி வந்தாய். சென்னையில் மீன்தொட்டிக் கடைக்காரன் ஒருவன், "தென்னமெரிக்கா சரக்கு சார், அசல் செவ்வால்" என்று உன் தலையில் கட்டியது. செய்தியை ஊரில் முதலில் பரப்பியவன் நான்தான். டீக்கடைக்குப் போவதற்குள் ஐந்தடிப் பாம்பு பன்னிரண்டு அடியாகிவிட்டது. பீங்கான் கம்பெனியில் பார்சல் கட்டுகிறவன் நான். எதையும் வைக்கோல் வைத்து அடைத்துத்தான் அனுப்புவேன்.

உனக்கு அது விளையாட்டில்லை. அசல் செவ்வாலா, சாதாரண வகையா என்று தெரிந்தாக வேண்டும். பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படங்களை அச்செடுத்து வந்தோம். முதுகில் சேணம் மாதிரித் திட்டுகள் குறைவாக இருந்து, வால் நல்ல சிவப்பாக இருந்தால் செவ்வால். திட்டுகள் கூடி, வால் பழுப்பென்றால் சாதாரணம். நீ தலையைப் பிடித்துக்கொள்ள, நான் கட்டில் மேல் ஏறி நின்று குடைக்கம்பியால் சுட்டிச் சுட்டி எண்ணினேன். இருபத்திரண்டு. இரண்டு வகையிலும் வரக்கூடிய எண். இனி வால்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அதே கம்பெனியில் முப்பது வருடம் சூளைக்குள் நெருப்பைப் பார்த்து உன் கண்ணில் புரை விழுந்திருந்தது.

"எனக்கு எல்லாம் சேத்துத்தண்ணியாத் தெரியுதுடா. நீ பாத்துச் சொல்லு. அவளுக்குச் செவப்பு ஜாடி ஒண்ணு செஞ்சு தரேன்னு எத்தினி தபா சூளை போட்டேன். எல்லாம் பழுப்பாவே வெளிய வந்துச்சு. வூட்டுல ஒரு செவப்பு இருக்கட்டுமேன்னுதான் இத வாங்கினேன்."

ஜன்னல் வெளிச்சத்தில் வாலைப் பார்த்தேன்.

"பழுப்புடா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். சுட்ட செங்கல்."

நீ பாம்பைப் பெட்டிக்குள் விட்டாய். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடுகிற வாயா இது? டீக்கடையில் அதையும் கதையாக்கிச் சிரிக்க வைத்தேன். தெருவில் போகிறவனெல்லாம், "செங்கல் வாலு சௌக்கியமா இருக்குதுங்களா?" என்று உன்னைக் கேட்க ஆரம்பித்தான். இரண்டே வாரத்தில் பாம்பைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாய். விஷயம் கேட்டு ஓடி வந்த என்னை வாசலிலேயே நிறுத்தினாய்.

"ஊருக்கெல்லாம் பொய் சொல்றவன், எனக்கு ஒண்ணு சொல்லக்கூடாதாடா?"

அப்புறம் நீ கூப்பிடவில்லை. நானும் ரோஷத்தில் வரவில்லை. அந்த மழைக்காலம் முடியுமுன் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாருக்கும் பின்னால் நடந்தேன்.

இப்போதும் என் கதைகளுக்குச் சிரிக்க ஆளிருக்கிறது. "புளுகாதடா" என்று சொல்லத்தான் ஆளில்லை. சிரித்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனபின், ஒரே ஓர் ஆறுதலைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன்: ஆயுளில் ஒரு தடவையாவது, கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி உன்னிடம் சொன்னேன்.

போன மாதம் டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் பரிசோதனைக்குப் போனேன். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகம் ஒன்றைக் காட்டினார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டியும் முதல் பக்கத்தைத் தவிர எதிலும் எனக்கு எண் தெரியவில்லை.

டாக்டரம்மா புத்தகத்தை மூடினார். "செவப்பும் பழுப்பும் உங்களுக்குப் பொறந்ததுலேருந்தே ஒண்ணாத்தாங்க தெரியும். இத்தன வருஷத்துல யாருமே சொல்லலையா?"