பள்ளி வாசலில் போட்ட கட்டை

மார்ச் 4, திங்கள்

ஹெங்கி வாத்தியார் வெள்ளிக்கிழமை விமானத்தில் திரும்பி வந்துவிட்டார். பல்வலி என்று இரண்டு மாதம் டவுனில் இருந்தார். பல் போனது, பல்லவி போகவில்லை. “மூணு இலக்க வகுத்தல். புதன்கிழமை டெஸ்ட்.”

எனக்குப் பதினாலு வயது, ஆறாம் வகுப்பு. வாத்தியார் ஊரில் இல்லாத மாதங்களைக் கழித்தால் இரண்டாம் வகுப்புதான். கழித்தல் எனக்கு வரும். வகுத்தல்தான் வராது.

ஏப்ரல் 22 பெரிய பரீட்சை. தேறினால் டவுன் விடுதியில் தங்கி மேலே படிக்கலாம். எனக்கும் மாமா மகள் டெலின்சேக்கும் விமானத்தில் இரண்டு இடம் வாத்தியார் பேசி வைத்திருக்கிறார். இந்த மலையிலிருந்து இதுவரை எந்தப் பெண்ணும் படிக்கப் போனதில்லை. டெலின்சே முதலாவது. அவள் முதுகைப் பார்த்து எழுதி நான் இரண்டாவது.

மார்ச் 5, செவ்வாய்

புதன்கிழமை வராமலிருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன்.

நிலத்தில் வழக்கு உள்ளவன் வாசலுக்குக் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு, சிவப்பு இலைக் கொத்தைக் கட்டிவிட்டால் போதும். பேசித் தீர்க்கும்வரை யாரும் தாண்டமாட்டார்கள். போட்டவன்தான் எடுக்க வேண்டும். போன வருடம் மருந்து அறைக்குப் போட்டார்கள். ஒரு பன்றி கைமாறிய பிறகு எடுத்தார்கள்.

எனக்கும் ஒரு வழக்கு உண்டே, வகுத்தல் மேல்.

சாயங்கால மழையில் எல்லோரும் அடுப்படியில் இருந்தபோது எங்கள் வேலியோரம் இலை பறித்தேன். பள்ளிக்குப் பின்னால் கிடந்த விறகுக் கட்டையை இழுத்து வாசலில் போட்டேன். அம்மா வலைப்பை பின்னும்போது போடும் முடிச்சால் இலையைக் கட்டினேன். கை தன்பாட்டுக்குக் கட்டியது. நாளை மதியம் நானே எடுத்துவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பேன்.

மார்ச் 6, புதன்

யாரும் சிரிக்கவில்லை.

விடிந்ததும் ஊரே அங்கே நின்றது. ஓடுதளத்துக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் அப்பாவின் சிலாக் குலம் ஒரு கும்பல். அந்தப் பக்கம் அம்மா பிறந்த மோரெப் குலம் ஒரு கும்பல். நடுவில் வாத்தியார், கையில் சாவியோடு.

அப்பா குனிந்து முடிச்சைப் பார்த்தார். “இது மோரெப் பொம்பளைங்க போடுற முடிச்சு.”

டெலின்சேயின் அப்பா தெரியானுஸ் மாமா இலையைப் பார்த்தார். “மச்சான், இந்த இலை உங்க வேலியில மட்டும்தானே இருக்கு? கட்டச் சொல்லிட்டு கேள்வி வேற கேக்குறீங்களா?”

“பள்ளிக்கூட நிலம் எங்கப்பா குடுத்தது. எங்க வீட்டு வாசலுக்கு நாங்களே எதுக்குக் கட்டை போடணும்?”

“உங்கப்பா குடுத்தாரா? அப்ப எங்கப்பா வேடிக்கை பாத்தாரா?”

வாயைத் திறந்தேன். ‘நான்தான்’ என்று ஒரு சொல். அம்பது ஆண்கள். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வாய் தானே மூடிக்கொண்டது. இந்த வாய் இதற்குமுன் மூடியதே இல்லை.

மார்ச் 7, வியாழன்

டெஸ்ட் நடக்கவில்லை. ஜெயித்துவிட்டேன். கட்டையை எடுக்க மட்டும் போகவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

கோவிலில் எப்போதும் ஆண்கள் இடது, பெண்கள் வலது. இன்று சிலாக் இடது, மோரெப் வலது. போதகர் பார்த்தும் பார்க்காததுபோல் ஜெபித்தார். அம்மாவுக்கு எங்கே உட்காருவதென்று தெரியவில்லை. கடைசிப் பாட்டுவரை கதவடியில் நின்றாள். நானும் நின்றேன். கால்வலி என்று சொன்னாள். நானும் கால்வலி என்று சொன்னேன்.

மார்ச் 13, புதன்

அப்பாவும் சித்தப்பாக்களும் அம்பு சீவுகிறார்கள். “எதுக்குப்பா?” என்றேன்.

“பறவைக்கு.”

“இந்த மலையில அவ்வளவு பறவை இல்லையே. வெளியூர்ல இருந்து வரவழைக்கிறீங்களா?”

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பார். சீவிக்கொண்டே இருந்தார்.

டெலின்சே ஓடைக்கு வருவதில்லை. ஓடுதளத்தின் அந்த ஓரத்திலிருந்து கத்தினாள்: “ஏய், இந்தப் பக்கம் வராத. அண்ணன் பாத்தா எனக்குத்தான் அடி.”

“பரீட்சைக்குப் படிக்கிறியா?”

“எங்க உக்காந்து எழுதுறதாம்? உங்கப்பா தலையிலயா?”



மார்ச் 15, வெள்ளி

விமானம் வந்தது. வாத்தியார் போய்விட்டார். பெட்டி தூக்க நான் போனேன்.

“யுல்மி, நீ அம்மாவுக்கு வலைப்பை பின்ன உதவி பண்ணுவ, இல்ல?”

“ஆமா சார்.”

“ஒன்பது நாளா உனக்காகத்தான் காத்திருந்தேன்.”

காது சூடாகிவிட்டது. “நீங்களே எடுத்திருக்கலாமே சார்?”

“நான் கடலோரத்து ஆளு. நான் தொட்டா என்கிட்ட அபராதமாப் பன்றி கேப்பாங்க. நீ தொட்டிருந்தா திட்டு வாங்கியிருப்ப, அவ்வளவுதான். அம்பு சீவ ஆரம்பிக்கிறவரைக்கும் அவ்வளவுதான்.” கதவை மூடுமுன் சொன்னார்: “வகுத்தல் பழகு. கேள்வித்தாள் கொண்டு வரேன், உள்ள விட்டாங்கன்னா.”

நான் போட்டது கட்டை என்றுதான் நினைத்திருந்தேன். முட்டுக்கட்டை.

மார்ச் 16, சனி

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தோட்டத்தில், கிழங்குக் கொடிக்கு மண் அணைக்கும்போது. அடிப்பார் என்று தள்ளியே நின்றேன்.

முதலில் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு சுற்றிப் பார்த்தார். “வேற யார்கிட்ட சொன்ன?”

“யார்கிட்டயும் இல்ல.”

“சொல்லாத.”

“எடுத்துடலாம்பா. இப்பவே போய்—”

“நேத்தே பேசி முடிவாயிடுச்சு. அது நாங்க போட்ட கட்டைதான்னு சொல்லிட்டோம். ஓடுதளத்தை நீட்ட மாவட்டத்துல இருந்து ஆளுங்க வரப்போறாங்க. வந்தா முதல்ல நிலம் யாருதுன்னுதான் கேப்பாங்க. கட்டை நம்மதுன்னா நிலமும் நம்மது.”

“ஆனா நான்தானே போட்டேன்.”

“நீ சிலாக் பொண்ணு. நீ போட்டா நாம போட்ட மாதிரிதான்.”

என் தலையைத் தடவினார். அடித்திருக்கலாம்.

மார்ச் 18, திங்கள்

மாமாவிடம் போனேன். டெலின்சேயின் அண்ணன் வில்லோடு வாசலில் நின்றான். மாமா, “விடுடா, என் தங்கச்சி பொண்ணு” என்றார். எல்லாம் சொன்னேன்.

“ஏ புள்ள, உங்கப்பன் சொல்லி அனுப்பினானா?”

“இல்ல மாமா. சத்தியமா.”

“போன மாசம் என் புகையிலையில ஆட்டுப் புழுக்கை கலந்தப்பவும் நீ சத்தியம் பண்ண.”

உண்மைதான். நாரை வாங்கி அவர் கண்முன்னாலேயே முடிச்சைப் போட்டுக் காட்டினேன். என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிவிட்டார் என்று தெரிந்தது.

“கை நம்ம கை,” என்றார். “ஆனா வாய் அவங்க வாய். உங்கப்பன் தன்னுதுன்னு சொன்னப்புறம், புள்ளை விளையாடிட்டான்னு நான் போய்ச் சொன்னா யார் சிரிப்பா? இன்னிக்கு காலையில ஓடுதளத்துக்கு நாங்களும் கட்டை போட்டாச்சு. வீட்டுக்குப் போ.”

டெலின்சே உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

மார்ச் 22, வெள்ளி

விமானம் மூன்று முறை சுற்றியது. இறங்கவில்லை. ஜன்னலில் ஒரு முகம் தெரிந்ததாக அம்மா சொல்கிறாள்.

ஏப்ரல் 3, புதன்

அம்மாவின் டாரோக் கிழங்குத் தோட்டம் மோரெப் பக்கத்தில் இருக்கிறது. இன்று போனால் வேலி வெட்டிக் கிடந்ததாம், பன்றிகள் உள்ளே. யார் வெட்டியது என்று அம்மா சொல்லவில்லை. அவளோடு பிறந்தவர்களா, அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டாரா? இரண்டில் எது மோசம் என்று யோசிக்கிறேன்.

ஏப்ரல் 11, வியாழன்

மோரெப் வீடுகளில் பெண்களையும் குழந்தைகளையும் காட்டுக் குடிசைகளுக்கு அனுப்புகிறார்கள். எங்கள் பக்கமும் மூட்டை கட்டுகிறார்கள். உப்பு தீர்ந்துவிட்டது. விமானம் வருவதில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

பரீட்சை நாள்.

விடியும்போதே பள்ளிக்குப் போனேன். இரண்டு குலமும் மாறி மாறிப் போட்டு, வாசலில் இப்போது ஏழு கட்டை, ஒன்றன்மேல் ஒன்று. என்னுடையது அடியில். இலை காய்ந்து சுருண்டிருந்தது. முடிச்சை அவிழ்த்தேன், உடனே வந்துவிட்டது. கட்டையை இழுத்தேன். வரவில்லை. உட்கார்ந்து, இரண்டு காலையும் படியில் ஊன்றி இழுத்தேன். அசையக்கூட இல்லை.

ஜன்னல் வழியாகக் கரும்பலகை தெரிந்தது. மார்ச் 6 டெஸ்டுக்கு வாத்தியார் முந்தின நாளே எழுதி வைத்த முதல் கணக்கு அப்படியே இருந்தது. 952 வகுத்தல் 7. அடுப்புக்கரியால் மேல் கட்டையிலேயே போட்டுப் பார்த்தேன். 136. மீதி இல்லை. இரண்டாம் முறையும் 136. சரியா என்று சொல்ல ஆளில்லை.

ஓடுதளத்தின் அந்த ஓரத்தில் டெலின்சே நின்றாள். காட்டுக் குடிசையிலிருந்து எப்படி வந்தாளோ. தலையில் வலைப்பை, அதில் நோட்டுப்புத்தகம் துருத்திக்கொண்டிருந்தது. கையை உயர்த்தினேன். அவளும் பாதி உயர்த்தினாள். பின்னால் அவள் அண்ணன் வந்ததும் இறக்கிவிட்டாள்.

இந்தப் பக்கம் அப்பா கூப்பிட்டார். “யுல்மி, அந்த அம்புக் கட்டைத் தூக்கிட்டு வா.”

அம்புகளைக் கட்டியது நான் இல்லை. முடிச்சு மட்டும் அம்மாவின் வலைப்பை முடிச்சு. தூக்கிக்கொண்டு போனேன்.