அண்ணன் நடந்த என் நடை

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

இங்கே அம்மாவும் நானும் சுகம். வீட்டில் உன் சத்தம் ஒன்றுதான் குறை.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் தையல் கூடத்தில் எல்லோரும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து உன் சீரியல் பார்த்தோம். பெரிய வீட்டு வேலைக்காரனாகத் தட்டோடு வந்தாய். ஒவ்வொரு அடிக்கும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். கடைசியில் தட்டோடு விழுந்தாய். கூடமே சிரித்தது. பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அக்கா, "அடியே, அப்படியே நம்ம குட்டி நடைடி!" என்றாள். பிறகுதான் நான் பக்கத்தில் இருப்பது தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டில் அம்மா டிவியை அணைத்துவிட்டு, "கரண்டு போயிடுச்சு" என்றாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

கோபமில்லை அண்ணா. ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நான் நடப்பதை நான் பார்த்ததே இல்லை. நம் வீட்டுக் கண்ணாடியில் முகம் மட்டும்தானே தெரியும்? என் இடது கால் அப்படி வட்டம் போட்டுவிட்டுத்தான் வருமா? தோளும் கூடவே இறங்குமா? மறைக்காமல் எழுது.

உன் குட்டி

மார்ச் 11

குட்டிம்மா,

நீ திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆமாம், அது உன் நடைதான். ஆள் எடுத்த அன்று டைரக்டர், "நொண்டி மாதிரி நடந்து காட்டுப்பா" என்றார். எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் நடித்தார்கள். நான் கண்ணை மூடினேன். நீ துணி மூட்டையோடு வந்தாய். அப்படியே நடந்தேன். வேடம் கிடைத்தது. அந்தச் சத்தம் பிறகு சேர்த்தது, சத்தியமாக எனக்குத் தெரியாது.

பள்ளியில் பரிசு வாங்க நீ மேடை ஏறியபோது சிரித்தார்களே, அதோடு படிப்பை விட்டாய். அதே சிரிப்பில்தான் நான் இப்போது பிழைக்கிறேன். விட்டுவிடட்டுமா? நீ சொன்னால் நாளைக்கே மூட்டை கட்டுகிறேன்.

அண்ணன்

மார்ச் 18

அண்ணா,

மூட்டை கட்டாதே. எத்தனை வாசல் ஏறி இறங்கிக் கிடைத்த வேடம்! என்னிடம் கேள்விகள்தான் இருக்கின்றன. ஹீரோ நடந்தால் ஏன் 'டொய்ங்' இல்லை? உன் வேலைக்காரன் வேலை முடிந்தால் எங்கே போவான்? அவனுக்கு யார்மேலாவது ஆசை உண்டா? ஏன் விழுந்துகொண்டே இருக்கிறான்? எனக்கு நினைவு தெரிந்து நான் இரண்டு தடவைதான் விழுந்தேன். அதில் ஒன்று நீ தள்ளிவிட்டது.

காலைச் சரியாகப் பிடித்துவிட்டாய். முகம்தான் தப்பு. ஏன் பல்லைக் காட்டிக்கொண்டே நடக்கிறாய்? நடக்கும்போது நான் காலை நினைப்பதில்லை. அறுந்த நூலை நினைப்பேன், சாப்பாட்டை நினைப்பேன்.

அப்புறம், நிஜமாகவே இப்படி நடக்கிறவர் ஒருவர்கூடவா ஆள் எடுத்த அன்று வரவில்லை?

குட்டி

மார்ச் 27

குட்டிம்மா,

ஒருவர் வந்திருந்தார், கைத்தடியோடு. "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று கடைசிவரை உட்கார வைத்தே அனுப்பிவிட்டார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உன் கேள்விகளை டைரக்டரிடம் கேட்டேன். "விழலைன்னா அந்த ஆளு எதுக்குப்பா?" என்றார். அன்று விழாமல் நடந்தேன். மறுபடி எடுக்கச் சொன்னார். மறுபடியும் நடந்தேன். அடுத்த தடவை விழுந்துவிட்டேன், குட்டி. அது வெள்ளிக்கிழமை டிவியில் வருகிறது. பார்க்காதே.

அண்ணன்

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணா,

பார்த்தேன்.

மறுநாள் பெரிய துணிக்கடைக்குப் போனேன். அங்கே ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. கடைக்காரர், "என்னம்மா வேணும்?" என்றார். "நடக்கணும்" என்றேன். அது எப்படி என் வாயில் வந்ததோ! அவர் ஸ்டூலை நகர்த்தி வழி விட்டார்.

கண்ணாடியைப் பார்த்து நடந்தேன். வட்டம் இருக்கிறது. தோள் இறங்குகிறது. ஆனால் இறங்கிய தோள் உடனே ஏறுகிறது, அண்ணா. அதை நீ விட்டுவிட்டாய். அந்த வட்டமும் அந்தத் தோளும் நான் விழாமல் இருப்பதற்காக என் உடம்பு தானாகக் கண்டுபிடித்துக்கொண்டவை. நின்று நின்று பார்த்தேன். கெட்டிக்கார உடம்புதான்.

அந்தக் கைத்தடிக்காரர் எங்கே இருக்கிறார் என்று விசாரி. உட்கார வைக்காமல் இருந்திருந்தால் என்ன நடித்துக் காட்டியிருப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

வேடத்தை விட வேண்டாம். ஆனால் அடுத்த தடவை டைரக்டர் விழச் சொன்னால், உன் சொந்த நடையில் நடந்து விழு.

உன் தங்கை